நேசமணி, அ. (1895–1968)

வழக்கறிஞர், சட்டமன்ற உறுப்பினர், மக்களவை உறுப்பினர். ஆதரவாளர்கள் இவரை ‘மார்ஷல்’ என்று அழைத்தனர். கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்ததில் முதன்மையான பங்கு இவருடையது.

விளவங்கோடு வட்டம் பள்ளியாடியில் 1895 ஜூன் 12 அன்று பிறந்தார். திருவனந்தபுரத்தில் சட்டம் படித்து, 1921இல் நாகர்கோவிலில் வக்கீல் தொழிலில் இறங்கினார். அங்கே நீதிமன்றத்தில் மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி. முதல் நாளிலேயே முக்காலியை எட்டி உதைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார் என்று குமரி மக்கள் இன்றும் சொல்வார்கள். இவரது பொதுவாழ்வு அந்த நாளில் தொடங்கியது என்றே கொள்ளலாம்.

அன்று இப்பகுதியை உள்ளடக்கியிருந்த திருவிதாங்கூர் 1888இலேயே எட்டு உறுப்பினர் கொண்ட சட்டசபையைக் கண்ட சமஸ்தானம். ஆயினும் வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்தது 1948 தேர்தலில்தான். அதற்கு முந்தைய ஆண்டே நேசமணி திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசுக்குத் தலைமையேற்றிருந்தார். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தென்வட்டங்களின் தமிழர்கள், தமிழகத்துடன் இணைய வேண்டும் என்ற கோரிக்கையோடு அக்கட்சியின் பின் திரண்டனர்.

திருவனந்தபுரம் சட்டசபையில் இக்கட்சி சிறியது. ஆனால் பின்னர் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்காததால் ஆட்சியின் ஆயுள் அதன் கையில் இருந்தது. 1953இல் ஆதரவை விலக்கிக்கொண்டதும் ஏ. ஜே. ஜான் அமைச்சரவை கவிழ்ந்தது. 1954 தேர்தலில் இக்கட்சி 117 இடங்களில் 12 இடங்களைப் பிடித்தது. முதலமைச்சரானவர் பட்டம் தாணு பிள்ளை. அவ்வாண்டு தேவிகுளம் பகுதியில் தடையுத்தரவை மீறிய நேசமணி கைதானார். ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டம், புதுக்கடையில் போலீசார் சுட்டதில் பலர் மாண்டனர். மக்கள் கோரிக்கைக்குத் துப்பாக்கியால் பதில் சொன்ன அந்த ஆட்சி 1955 பிப்ரவரியில் சட்டசபையில் தோற்றது.

மாநிலச் சீரமைப்புக் குழுவின் பரிந்துரைப்படி 1956 நவம்பர் 1 அன்று நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலியோடு இணைந்தது. தமிழர் மிகுந்திருந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே தங்கிவிட்டது தமிழருக்குப் பேரிழப்பு.

பின்னர் காங்கிரஸ் சார்பில் 1957இல் கிள்ளியூரிலிருந்து சட்டமன்றத்துக்கும், 1962, 1967இல் நாகர்கோவிலிலிருந்து மக்களவைக்கும் தேர்வானார். 1968 ஜூன் 1 அன்று காலமானார். நாகர்கோவிலில் மணிமண்டபமும், மார்த்தாண்டத்தில் இவர் பெயரில் கல்லூரியும் உள்ளன. இவர் மறைவால் 1969 ஜனவரியில் நடந்த நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்றவர் காமராஜர்.