ஷூ தேய்ந்த கதை

போன லீவில் நண்பர்களோடு கொல்லிமலை போயிருந்தேன். 70 கொண்டை ஊசி வளைவுகளும் பஸ்ஸில் தலைசுற்றலோடு போய்விட்டன. உண்மையான சோதனை ஆகாய கங்கையில்தான். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து அருவிக்கு இறங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். ஈரப்படியில் இறங்கும்போதே என் ரன்னிங் ஷூவின் முன்பக்கம் 'ஆ' என்று வாயைப் பிளந்துவிட்டது. திரும்ப ஏறியது வெறுங்காலில். டயர் செருப்பு போட்ட ஒரு பெரியவர் சர்வசாதாரணமாக எங்களைத் தாண்டிப் போனார். அத்தனை விலை கொடுத்து வாங்கிய ஷூ ஏன் முதலில் போனது? அதைத் தேடப் போய்க் கிடைத்ததுதான் இந்த வரலாறு.

சங்க இலக்கியத்தில் செருப்புக்குத் 'தொடுதோல்' என்று பெயர் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் வரும் இடையனின் காலில் செருப்பு அழுத்திய வடு இருக்கும். அதாவது அன்று தேய்ந்தது காலும்தான்! ஆனால் தோல் செருப்பு அறுந்தால் தைத்துக்கொள்ளலாம்.

அடுத்து வந்தது ரப்பர். பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-ல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியாகிறது என்று கண்டுபிடித்தார். ரப்பர் அடி வைத்த கேன்வாஸ் ஷூவும், லாரி டயரும் அதன் வாரிசுகள்தான். லாரிக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்தில் பழைய டயருக்குப் பஞ்சமா என்ன? பெரியவரின் செருப்பு ரகசியம் அதுதான். ஆணி போனால் வேறு ஆணி அடித்தால் போதும்.

1970-களில் கதை மாறியது. அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன் 1971-ல் வீட்டு வாஃபிள் அச்சில் ரப்பர் கலவையை ஊற்றிப் புது மாதிரி அடியைச் செய்து பார்த்தார். அதே பத்தாண்டில் இ.வி.ஏ. என்ற நுரை ஷூவின் நடுவில் வந்து உட்கார்ந்தது. எடை குறைந்தது, காலுக்கு மெத்தை கிடைத்தது. ஆனால் மேல்பாகத்தையும் அடியையும் சேர்ப்பது தையல் அல்ல, பசை. நுரைக்குள் இருக்கும் காற்றறைகள் ஓட ஓட நசுங்கும். பசை விட்டால் ஒட்டலாம். நசுங்கிய நுரையை யாராலும் சரிசெய்ய முடியாது.

எனவே நம் கையில் இருப்பது இரண்டு. ஒன்று, தேய்மானத்தைத் தள்ளிப்போடுவது. நனைந்த ஷூவை வெயிலில் போடாமல் உள்ளே செய்தித்தாள் திணித்து நிழலில் காய வைக்கலாம். லேஸைத் தளர்த்திக் கழற்றலாம். முடிந்தால் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டால் நுரைக்கு ஓய்வு கிடைக்கும். 500 முதல் 800 கிலோமீட்டர் ஓடியபின் மெத்தை செத்துவிட்டதா என்று பார்ப்பது நல்லது.

இரண்டாவது, பஸ் ஸ்டாண்ட் ஓரம் குடை விரித்து உட்கார்ந்திருப்பவர். நான் காட்டியதும், உப்புத்தாளால் இரண்டு பக்கமும் தேய்த்தார். சொல்யூஷனை மெல்லியதாகத் தடவினார். "அவசரப்படாதப்பா, கொஞ்சம் காயட்டும்" என்றார். பிறகு அழுத்தி ஒட்டி, குத்தூசியால் சுற்றிலும் தைத்தார். கம்பெனி கைவிட்ட தையலை அவர் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்!

இந்த வேலையைச் சாதியின் பெயரால் தாழ்வாகப் பார்த்த சமூகம் நம்முடையது. ஷூவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, தைக்கிறவரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். பழுதுபார்க்கும் அறிவு மதிக்கப்படாத இடத்தில், பழுதுபார்க்க முடியாத பொருள்தான் பெருகும்.

தைத்த ஷூவோடு இன்று காலையும் ஓடினேன். உங்கள் பழைய ஷூவையும் தூக்கிப் போடுமுன் அவரிடம் ஒருமுறை காட்டுங்கள். பேரம் மட்டும் வேண்டாம்!