திருக்குளத் திருப்பணி

குடமுழுக்கு என்னும் பெருவிழாவின் நடுநாயகமாக விளங்குவது நீரே. வேள்விச் சாலையில் நூல் சுற்றி, மாவிலையும் தேங்காயும் சூட்டி வைத்த குடங்களில் நிறைந்திருப்பதும் நீர். வேத ஒலியும் திருமுறை ஒலியும் சேர்ந்து எழ, விமானத்துக் கலசத்தின்மீது சொரியப்படுவதும் நீர். கீழே கூடி நிற்கும் அடியார்கள் ஒரு துளியேனும் தம்மேல் படாதா என்று ஏங்கி நின்று, பட்டவுடன் கண்களில் ஒற்றிக்கொள்வதும் அந்நீரையே. கண்டாச்சிபுரத்தில் இப்பெருவிழா நிகழும் இவ்வேளையில், நம் முன்னோர் நீரை எவ்வாறு போற்றினர், இடையே நாம் எதை மறந்தோம் என்று சிறிது எண்ணிப் பார்த்தல் பொருத்தமுடைத்து.

திருத்தொண்டர் அறுபத்து மூவருள், குளத்தைத் தூர் எடுத்தே இறைவன் திருவருளைப் பெற்றவர் ஒருவர் உளர். அவர் தண்டியடிகள், பிறவியிலேயே கண்ணொளி இழந்தவர். திருவாரூர்க் கோயிலின் மேற்றிசைக் குளம் தூர்ந்தும் சுருங்கியும் போனதைக் கண்டு, அல்ல, கேட்டு மனம் நொந்தார். குளத்தின் உள்ளே ஒரு தறி, கரையிலே ஒரு தறி நட்டு, இரண்டையும் கயிற்றால் பிணைத்தார். கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்குவார். மண்ணைக் கூடையில் வெட்டி எடுப்பார். கயிற்றைத் தடவிக்கொண்டே கரையேறிக் கொட்டுவார். எதிர்ப்பும் ஏளனமும் வந்தன, அவர் நிறுத்தினாரில்லை. இறுதியில் கண்ணொளி பெற்றார் என்பது சேக்கிழார் பெருமான் உரைக்கும் வரலாறு. பூமாலை தொடுத்தவர்க்கும், விளக்கெரித்தவர்க்கும், சந்தனம் அரைத்தவர்க்கும் நிகராகச் சேறு சுமந்தவரையும் நாயனாராக வைத்துத் தொழும் சமயம் நம் சமயம். இதைவிடத் தூய்மைப் பணிக்கு வேறு சான்றிதழ் வேண்டுமோ?

அப்பூதியடிகளையும் இங்கே நினைத்தல் வேண்டும். திங்களூரில் வாழ்ந்த அவ்வந்தணர், நாவுக்கரசரை நேரில் கண்டறியாத காலத்திலேயே, அவர் திருப்பெயரைத் தம் மக்களுக்குச் சூட்டியதோடு அமையாது, வழிச்செல்வோர்க்கு அமைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் அப்பெயரையே இட்டார். அடியாரைப் போற்ற அவர் தேர்ந்த முதன்மையான வழி, தாகத்தோடு வருவோர்க்கு நல்ல நீர் தருதலே ஆயிற்று.

பக்தியோடு ஒழுங்கும் இருந்தது. உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் முதற் பராந்தக சோழன் காலத்தன. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்தவை. அவற்றிலே ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலையால் தெரிந்தெடுக்கும் முறை விரிவாகப் பொறிக்கப்பட்டுள்ளது. முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் குடத்தில் ஓலை இடப்பெறும் தகுதியை இழந்தனர். நீரின் காவலை ஊரார் எவ்வளவு கண்டிப்போடு நடத்தினர் என்பதற்கு அந்த ஒரு விதியே போதும். வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, 11ஆம் நூற்றாண்டில் அக்கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்று இயங்கியதைச் சொல்லுகிறது. மருத்துவர், அறுவை செய்பவர், பணிப்பெண்கள் ஆகியோருடன் தண்ணீர் கொணர்பவனுக்கும் அங்கே தனியே படி அளக்கப்பட்டது. ஏலமும் இலாமிச்சை வேரும் இட்ட நீர் வழங்கிய செய்தியும் அதில் உண்டு.

இத்தகைய மரபு இருந்தும், 19ஆம் நூற்றாண்டில் திருவிழாவும் வாந்திபேதியும் இணைபிரியாதவை என்று அஞ்சும் நிலை நாடெங்கும் வந்தது. 1867இல் அரித்துவாரத்துக் கும்பமேளாவில் நீராடிய மக்கள், வீடு திரும்பும் வழியெல்லாம் காலராவையும் உடன்கொண்டு சென்றனர். தெய்வக் குற்றம் என்றனர் சிலர்; காற்றின் கேடு என்றனர் மேனாட்டு அறிஞர் பலர். இரண்டும் அன்று என்பதை அதற்கு முன்னரே ஒருவர் காட்டியிருந்தார்.

1854இல் இலண்டன் மாநகரின் பிராட் தெருவில் 600க்கு மேற்பட்டோர் காலராவுக்கு இரையாயினர். சான் ஸ்நோ என்னும் மருத்துவர் வீடு வீடாகச் சென்று உசாவி, இறந்தோரில் பெரும்பாலோர் அத்தெருவின் ஒரே குழாய்க்கிணற்று நீரைப் பருகினோர் எனக் கண்டார். அந்நீர் கலங்கலன்று; பளிங்குபோல் தெளிந்தது; சுவையானது. அச்சுவையை விரும்பித் தொலைவிலுள்ள தன் இல்லத்துக்குப் புட்டியில் வரவழைத்து அருந்திய ஒரு மூதாட்டியும் அந்நோயால் மாண்டாள். அவள் வாழ்ந்த பகுதியில் வேறெவருக்கும் அந்நோய் இல்லை. கிணற்றை ஒட்டிச் சில அடித் தொலைவில் ஒரு மலக்குழி கசிந்துகொண்டிருந்தது பின்னர் வெளிப்பட்டது. தீர்த்தத்தைச் செம்பிலும் புட்டியிலும் ஏந்தி இல்லம் செல்லும் நமக்கு இவ்வரலாறு அயலானதன்று.

1884இல் செருமானிய அறிஞர் ராபர்ட் காக் கல்கத்தாவுக்கு வந்து, அந்நோயின் நுண்ணுயிரை ஒரு குளத்து நீரிலேயே கண்டார். அக்குளத்தைச் சுற்றி வாழ்ந்தோர் அதிலேயே குளித்தனர்; நோயுற்று இறந்தவன் துணியையும் அதிலேயே துவைத்தனர்; அதையே பருகினர். குளிக்கும் நீரும் குடிக்கும் நீரும் வேறு வேறாக இருத்தல் வேண்டும் என்ற நம் பாட்டிமாரின் கண்டிப்புக்கு இதனினும் பெரிய விளக்கவுரை இல்லை. திருக்குளம் நீராடுதற்கு, திருமஞ்சனக் கிணறு இறைவனுக்கு, ஊர்க்கிணறு பருகுதற்கு என்று வகுத்திருந்த ஊர்கள் உய்ந்தன. வகுத்ததைக் குழப்பிய ஊர்கள் வருந்தின.

சென்னை மாகாணத்தில் 1939இல் பொதுச் சுகாதாரச் சட்டம் பிறந்தது. திருவிழாக்களுக்கென்றே அதில் ஓர் இயல் உண்டு. விழாக் கூட்டத்துக்குக் குடிநீரும் கழிப்பிடமும் நோய்த் தடுப்பும் அமைப்பது கடமை என்றாயிற்று. அச்சட்டம் தமிழ்நாட்டில் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதே 1939இல், சூலை 8ஆம் நாள், அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்ட மக்கள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் சென்று வழிபட்டனர். ஆலயப் பிரவேசத்துக்கான சட்டமும் அவ்வாண்டே வந்தது. இரண்டையும் வேறு வேறு செய்திகளாகவே எழுதுவர். எமக்கு அவை ஒன்றாகவே தோன்றுகின்றன. ஊர்க்கிணறு சிலருக்கு மறுக்கப்பட்டவரை அவர்கள் கிடைத்த குட்டையில் மொண்டு குடித்தனர். அங்கே பிறந்த நோயோ தெருப் பெயர் கேளாமல் எல்லா வீட்டுக்கும் வந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் வழிகளுள் ஒன்றில் அமைந்தது கண்டாச்சிபுரம். ஏரியையும் கிணற்றையும் நம்பிப் பயிரிடும் நாடு இது. நீரின் அருமையை இங்குள்ளோர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2019இல் தொடங்கிய திட்டத்தின்கீழ்ச் சிற்றூர்களிலும் வீட்டுக் குழாய்கள் வந்துள்ளன. ஆனால் விழாவுக்கு வரும் கூட்டத்துக்கு வீட்டுக் குழாய் ஏது? அவர்களுக்குக் கோயிலே வீடு.

இங்கே நன்கொடையாளப் பெருமக்களிடம் ஒன்றை மனம்விட்டு விண்ணப்பிக்கலாம். கோபுரத்துக்கு வண்ணம் தீட்டவும், கலசத்துக்குப் பொன் பூசவும் கொடுப்போர் பலர். அவர்கள் திருப்பெயர் பளிங்கில் விளங்குகிறது. கழிப்பிடத்துக்குக் கொடுக்கச் சொன்னால் பலரும் தயங்குகின்றனர். தம் பெயரை அங்கே பொறிப்பார்களோ என்ற அச்சம் போலும்! பெயரை மண்டபத்தில் பொறித்துக்கொள்ளட்டும். பொருளைக் கழிப்பிடத்துக்குத் தரட்டும். தண்டியடிகள் சுமந்தது சந்தனமன்று.

செய்யத்தக்கன அரியனவும் அல்ல. மடைப்பள்ளிக் கழிநீரும் தெருச் சாக்கடையும் திருக்குளத்துக்குள் ஒருபோதும் இறங்காவண்ணம் வேறு வழி வெட்டல் வேண்டும். மழைநீர் வரும் வாய்க்கால் மட்டும் திறந்திருக்க, அதன் முகப்பில் மண் தங்கும் தொட்டி ஒன்று அமைத்தல் நலம். குடிநீர்க் கிணற்றுக்கு மூடியும் சுற்றிலும் சரிவான தளமும் வேண்டும். கழிப்பிடக் குழி அக்கிணற்றிலிருந்து 15 மீட்டருக்குக் குறையாத தொலைவில் இருத்தல் வேண்டும். பிராட் தெருவில் அத்தொலைவு இல்லாமையே அத்தனை உயிர்களைக் கொண்டது. அவ்விடத்தைத் துப்புரவு செய்வோர்க்குக் கையுறையும் காலணியும் உரிய ஊதியமும் திருப்பணிக் கணக்கிலேயே சேரல் வேண்டும். அவர்கள் செய்வதும் உழவாரமே.

தண்ணீர்ப் பந்தலில் வாயகன்ற அண்டா வைத்து, வருவோர் எல்லாம் குவளையோடு கையையும் உள்ளே விடுவது வழக்கமாகிவிட்டது. அடியில் குழாய் பொருத்திய மூடிய தொட்டியே தக்கது. தெளிந்த நீராயின் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் அளவு நல்ல சலவைத்தூள் போதும். அதைச் சிறிது நீரில் கரைத்துத் தெளியவைத்து, தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் சென்றபின் வழங்கலாம். காலை விழாவுக்குக் கூட்டம் முந்திவிடும். ஆதலால் அந்த ஒரு மணி நேரத்தையும் கணக்கிட்டு, வைகறையிலேயே தொட்டியை நிரப்பிவிடல் வேண்டும்.