பரடேயின் பொன்னும் மரபிழையும்

விதைப்பவர் ஒருவர், அறுப்பவர் வேறொருவர் என்பது விஞ்ஞான வரலாற்றிற் பலகாற் காணப்படும் உண்மையாகும்.

இலண்டன் றோயல் நிறுவனத்தில் மைக்கல் பரடே பொன் குளோரைட்டைப் பொசுபரசினால் தாழ்த்தி, மாணிக்கச் செந்நிறத் திரவமொன்றைப் பெற்றார். கண்ணுக்குப் புலனாகாத பொற்றுணிக்கைகளே அந்நிறத்துக்குக் காரணமென 1857 இல் அவர் எடுத்துரைத்தார்.

ஒரு நூற்றாண்டின் பின், 1960 இல், செக்கோசிலோவாக்கியாவில் எமில் பலெச்செக், மரபுப் பொருளாகிய டி.என்.ஏ. பாதரச மின்வாயில் மின்குறி தருவதைக் காட்டினார். எனினும், மிகச் சிறிய அளவைக் காட்ட அக்குறி வலுவற்றதாயிருந்தது.

2001 இல் பிரான்சிய ஆய்வாளர் சிலர் இவ்விரு நெறிகளையும் இணைத்தனர். தேடும் இழையுடன் பிணையவல்ல இணையிழையிற் பொற்றுணிக்கையைப் பூட்டினர். பிணைந்தபின் எஞ்சிய பொன்னைக் கரைத்து மின்வாயில் அளந்தனர். பொன் உளதேல் தேடிய இழையும் உளதென்பது பொருள். ஒரு துணிக்கை இலட்சக்கணக்கான அணுக்களாய்க் கரைதலின் சிறு குறியும் பெருகிற்று, வைரசின் டி.என்.ஏ. நுண்ணளவிலும் புலனாயிற்று.

பரடேயின் செந்நிறக் குடுவைகள் இன்றும் இலண்டனிற் பேணப்படுகின்றன. உடனே பயன் தாராத ஆராய்ச்சி வீணன்று என்பதற்கு அவையே சான்று.