மார்ஷல் ஒன்பது ஆண்டுகள் ஒளித்து வைத்தாரா?

1909-இல் நடந்த நேரடிச் சதுரங்கப் போட்டியில் கபபிளாங்காவிடம் ஃபிராங்க் மார்ஷல் படுதோல்வி கண்டார். கபபிளாங்கா வென்றவை 8, மார்ஷல் வென்றது 1, டிரா 14. அந்த ஆத்திரத்தில் ரூய் லோபஸ் தொடக்கத்துக்கு எதிராக ஒரு சிப்பாய்ப் பலியைக் கண்டுபிடித்து, ஒன்பது ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்து, 1918 அக்டோபர் 23 அன்று நியூயார்க்கில் கபபிளாங்கா மீதே ஏவினார் என்பார்கள். இந்தக் கதைக்கு ஆதாரம் உண்டா என்று பழைய ஆட்டங்களுக்குள் தேடப் போனேன்.

முதல் சாட்சி அந்த ஆட்டமேதான். வெள்ளைக் காய்களுடன் ஆடிய கபபிளாங்கா பலியை ஏற்றார். எதிராளிக்கு எல்லா வழிகளும் அத்துப்படி என்று தெரிந்தும், பின்வாங்குவது தன் மானத்துக்கு இழுக்கு என்று எண்ணி எடுத்ததாக 1921-இல் வந்த தன் நூலில் விளக்குகிறார். 15-ஆவது நகர்வில் மார்ஷலின் குதிரை எஃப்2 சிப்பாயை வெட்டி ராஜாவின் வாசலிலேயே வந்து நின்றது. ராணியால் அதை எடுத்தால் ஹெச்2-இல் மந்திரி செக் வைக்கும். ராஜா ஒதுங்கியதும் அதே மந்திரி ஜி3-க்கு வந்து, ராணியையும் அதன் பின்னால் நிற்கும் யானையையும் ஒரே கோட்டில் பிடித்துவிடும். கபபிளாங்கா குதிரையைத் தொடவில்லை. யானையை ஒரு கட்டம் முன்னே வைத்தார். மார்ஷல் அடுத்து மந்திரியையும் பலி கொடுத்தார். வெள்ளை ராஜா எஃப்1, இ2, டி3, சி2 என்று நடந்தே தப்பியது. நடுவில் ராணிக்கு ராணி மாற்றிக்கொள்ளவும் கபபிளாங்கா முன்வந்தார், மார்ஷல் மறுத்தார். கடைசியில் கறுப்பு ராணி ஜி1 கட்டத்தில் முடங்க, மறுபுறம் வெள்ளைச் சிப்பாய் விறுவிறுவென முன்னேறியது. 36 நகர்வுகளில் ஆட்டம் முடிந்தது. முன்தயாரிப்பு இல்லாமல் பலகைக்கு முன் உட்கார்ந்தே யோசித்து ஆடிய தற்காப்புகளில் இதற்கு ஈடாக இன்னொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் ரகசியம்? சதுரங்க வரலாற்றாளர் எட்வர்ட் வின்டர் திரட்டிய தடயங்கள் கதையை ஆட்டம் காணவைக்கின்றன. 1893-இலேயே ஹவானாவில் வால்பிராட் என்ற வீரர் ஆடிய ஓர் ஆட்டத்தில் இதே வழி வந்திருக்கிறது. 1917-இல் ஃப்ரீர் என்பவரோடு ஆடியபோது மார்ஷலே எட்டாவது நகர்வில் இதே பலியை முன்வைத்திருக்கிறார். 1909-க்கும் 1918-க்கும் இடைப்பட்ட காலத்தில் கபபிளாங்காவுடன் வாய்ப்பு அமைந்த ஆட்டங்களிலும் மார்ஷல் அதைப் பயன்படுத்தவில்லை.

எனக்கு இன்னும் வலுவாகப் படும் சான்று 1918 ஆட்டத்தின் 11-ஆவது நகர்வு. மார்ஷல் அன்று மையத்தில் இருந்த குதிரையைப் பின்னுக்கு இழுத்தார். குதிரையை அங்கேயே விட்டுவிட்டு சி-வரிசைச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி அதற்குத் துணை சேர்ப்பதே சரியான வழி. அதையும் பிற்பாடு மார்ஷலே கண்டுபிடித்தார். இன்று இந்தப் பலியை மார்ஷல் தாக்குதல் என்கிறார்கள்; அதில் பெரும்பாலும் ஆடப்படுவது அந்த வழிதான். ஒன்பது ஆண்டுகள் இந்த நிலையைப் பூட்டிவைத்துக் குடைந்தவர் கண்ணுக்கு அந்த ஒரு சிப்பாய் தட்டுப்படாமல் போயிருக்கும் என்று நான் நம்பவில்லை.