வெண்சாந்தில் மறைந்த செங்கல்

ஒரு கட்டடத்தின் வரலாற்றை எழுதுவோர், அதனைக் கட்டுவித்தவர் பெயரையும் வரைபடம் வகுத்தவர் பெயரையும் தவறாது குறிப்பர். செங்கல் அறுத்தவர், சாந்து அரைத்தவர் பெயர்கள் பெரும்பாலும் ஏட்டில் ஏறுவதில்லை. சிங்கப்பூர் இஸ்தானா மாளிகை இதற்குத் தக்க சான்றாகும். தோ பாயோவில் ரயிலேறி ஐந்தாவது நிலையமாகிய தோபி காட்டில் இறங்கினால் அம்மாளிகையின் வாயில் அண்மையிலேயே உள்ளது.

ஆங்கில நாட்டின் பழைய செங்கல் மாளிகைகளை முதலில் நினைவுகூர்வோம். 16ஆம் நூற்றாண்டில் எழுந்த ஹாம்ப்டன் கோர்ட் போன்றவற்றில் செங்கல்லே அழகு. செந்நிறச் சுவர் வெளிப்படையாகத் தெரியும். குளிரைப் போக்கும் கணப்பு அடுப்புகளின் புகைபோக்கிகள் கூரைமேல் ஓங்கி நிற்கும். பின்னர் இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் நெறி அந்நாட்டிற் பரவியது. தூண்களும் வளைவுகளும் இருபுறமும் ஒத்த அமைப்பும் பிரபுக்களின் இல்லங்களுக்கு இலக்கணமாயின.

அந்நெறியே கடல் கடந்து இங்கும் வந்தது. ஆளுநர் ஹாரி ஆர்டு காலத்தில், பொறியாளர் மக்நேரின் திட்டப்படி, பிரின்செப் என்பாரின் பழைய சாதிக்காய்த் தோட்ட நிலத்தில் 1867இல் தொடங்கிய வேலை 1869இல் நிறைவெய்தியது. ஆயினும் ஆங்கில வடிவம் அப்படியே நடப்படவில்லை. அங்கே போக்க வேண்டியது குளிர், இங்கே வெப்பம். ஆதலின் அகன்ற தாழ்வாரங்களும் உயர்ந்த அறைகளும் காற்று புகும் சாய்பலகைச் சன்னல்களும் அமைந்தன. செங்கல்லும் வெளியே தெரியவில்லை; வெண்சாந்து அதனை மூடியது. மழை மிகுந்த நாட்டிற் பூச்சே சுவருக்குக் கவசமன்றோ!

இதனைக் கட்ட உழைத்தவர் யாவர்? இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். 1825இல் பென்கூலனிலிருந்து முதற்குழுவினர் இங்கு வந்திறங்கினர். பின்னர் வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களிலிருந்து பலர் வந்தனர். செங்கல் சுடுதல், கொத்துவேலை, தச்சுவேலை, கொல்லுவேலை ஆகியவற்றில் அவர்கள் பயிற்சி பெற்றனர். அவர்கள் அறுத்த செங்கல் 1867இல் ஆக்ராக் கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் பெற்றது.

1862இல் திருநிலைப்படுத்தப்பட்ட புனித ஆண்ட்ரூஸ் பேராலயமும் அவர்கள் உழைப்பே. அதன் உட்சுவர்ப் பூச்சு நம் சென்னைச் சுண்ணச்சாந்து முறை. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, சர்க்கரை ஆகியவற்றைத் தேங்காய் மட்டை ஊறிய நீருடன் கலந்து பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றினர். சிராங்கூன் சாலைப் பகுதியில் ஒரு காலத்தில் செங்கற் சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்தன. அப்பகுதியைத் தமிழர் 'சுண்ணாம்புக் கம்பம்' என்று வழங்கிய காரணம் இதுவே. கம்போங் கப்போர் என்னும் மலாய்ப் பெயருக்கும் பொருள் அதுவே.

கைதி என்ற சொல்லைக் கேட்டுச் சிலர் நாணக்கூடும். இவ்வரலாற்றை மாணவரிடம் கூறாது விடவும் கூடும். குற்றம் எதுவாயினும், அதற்குரிய தண்டனையை அவர்கள் தம் உழைப்பால் தீர்த்துவிட்டனர். 1873இல் அக்கைதிகள் அமைப்பே கலைக்கப்பட்டது. அவர்கள் எழுப்பிய மாளிகையோ இன்று அதிபரின் மாளிகையாக நிற்கிறது.

தீபாவளி முதலிய திருநாட்களையொட்டி அதன் வாயில் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகிறது. மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் ஆளுநர் பெயரையும் பொறியாளர் பெயரையும் சொல்லட்டும். அதனோடு நில்லாது, வெண்சாந்துக்குள்ளே செங்கல் இருப்பதையும், அச்செங்கல்லுக்குள் நம் மக்களின் கைரேகை இருப்பதையும் சொல்லுதல் வேண்டும்.