குர்மித் சிங்

குர்மித் சிங் (பிறப்பு: 24 மார்ச் 1965) சிங்கப்பூரின் நகைச்சுவை நடிகர், நிகழ்ச்சி நெறியாளர், கேலிப் பாடகர். ‘புவா சூ காங்’ என்ற வீட்டுப் புதுப்பிப்பு ஒப்பந்தக்காரர் வேடத்தால் பெயர்பெற்றவர். தந்தை சீக்கியர், தாய் சீன, ஜப்பானிய வழிவந்தவர்.

தொலைக்காட்சி

1990களின் நடுவில் ‘குர்மித்ஸ் வேர்ல்ட்’ நிகழ்ச்சி அவரைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. 1997இல் சேனல் 5இல் தொடங்கிய ‘புவா சூ காங் பிரைவேட் லிமிடெட்’ 2007 வரை ஓடியது. சுருட்டை முடி, முகத்தில் பெரிய மச்சம், நீளமாக வளர்த்த சுண்டுவிரல் நகம், மஞ்சள் ரப்பர் பூட்ஸ், வாய் ஓயாத சிங்கிலிஷ் (சிங்கப்பூரின் பேச்சுவழக்கு ஆங்கிலம்): ஆளைப் பார்த்ததுமே சிரிப்பு வந்துவிடும். மனைவி ரோசியாக ஐரீன் ஆங் நடித்தார்.

சிங்கிலிஷ் சர்ச்சை

இளையர்கள் புவாவின் பேச்சைப் பின்பற்றுவதாக 1999 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் கோ சோக் தோங் கவலை தெரிவித்தார். தொழிலாளர்களுக்கான ‘பெஸ்ட்’ ஆங்கில வகுப்பில் புவா சேர்வார் என்றும் அறிவித்தார். கற்பனைப் பாத்திரம் ஒன்று பிரதமரின் உரையால் பாடம் படிக்கப் போனது. மறு ஆண்டே ‘நல்ல ஆங்கிலம் பேசுவோம்’ இயக்கம் தொடங்கியது.

பாடல்கள்

2003இல் சிங்கப்பூரில் சார்ஸ் நோய் பரவி 33 பேர் உயிரிழந்தபோது, அதே புவா ‘சார்-வைவர் ராப்’ பாடலுடன் தொலைக்காட்சியில் தோன்றினார். கண்ட இடத்தில் துப்பாதே, கையைக் கழுவு என்ற அறிவுரைகள் அதில் கேலியும் தாளமுமாக வந்தன. அரசு அறிவிப்பைக் காதில் போட்டுக்கொள்ளாதவர்களும் அதை முணுமுணுத்தார்கள். திருத்தப்பட வேண்டியது என்று நான்கு ஆண்டுகளுக்கு முன் சுட்டப்பட்ட அந்தப் பேச்சுதான் சுகாதாரச் செய்தியை வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தது.

பிற்காலம்

2005இல் புவா மேடை இசை நாடகமானார், 2010இல் திரைப்படமானார். 2014இன் இறுதியில் குர்மித் மீடியாகார்ப் ஒளிபரப்பு நிறுவனத்திலிருந்து விலகினார். கொவிட்-19 காலத்தில் அரசு மீண்டும் அவரை நாடியது. தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லி 2021 மே மாதம் அது வெளியிட்ட டிஸ்கோ பாணிக் காணொளியில் மஞ்சள் பூட்ஸோடு ஆடினார்; வெளிநாட்டு ஊடகங்களும் அதைச் செய்தியாக்கின. தொடர் முடிந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தும், அந்தப் பூட்ஸுக்கு அறிமுகம் தேவைப்படவில்லை.