திறந்த கதவும் திண்ணைப் பள்ளியும்

மலர்க் குழுவினர் என்னிடம் ஒரு வரலாற்றுக் கட்டுரை கேட்டார்கள். வரலாறு என்றதும் சோழர், பாண்டியர், வெள்ளையர் என்றுதான் நினைப்பு ஓடும். நான் எழுதப்போவது வயதில் மிகச் சின்ன வரலாறு. நம்மில் பலருடைய சர்வீஸைவிடக் குறைந்த வயது! ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கும் வேலையை, முன்பின் தெரியாத புதியவர்களுக்கு, முகம் பாராமலே, காசு வாங்காமலே சொல்லிக் கொடுத்த வகுப்புகளின் கதை இது.

கணிப்பொறித் துறையைச் சேராத நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. கணிப்பொறியின் இரும்பு உடம்புக்கும் நாம் பயன்படுத்தும் மென்பொருளுக்கும் நடுவே நின்று எல்லாவற்றையும் நடத்துவது ஆப்பரேட்டிங் சிஸ்டம். கல்யாண வீட்டில் சமையல்காரர், பந்தி பரிமாறுபவர், மேளக்காரர் எல்லோரையும் ஒருங்கே ஓட்டுகிற பெரியவர் ஒருவர் இருப்பாரே, அவரைப் போல. அதன் நடு மையத்துக்குக் கர்னல் என்று பெயர்.

ஜெராக்ஸில் பிழைத்த பாடம்

கதை நம் போன்ற ஒரு கல்லூரி வகுப்பில்தான் தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவில், சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்றொரு ஆசிரியர். யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கர்னல் முழுவதும் ஏறத்தாழ 9,000 வரிகள்தான். "மாணவன் ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை முழுசாகப் படித்துப் பார்க்க வேண்டும்" என்று நினைத்த அவர், அந்த மூல நிரலை அச்சிட்டு, வரிக்கு வரி விளக்கவுரையும் எழுதினார். இது நடந்தது 1976-77இல்.

ஆனால் 1979இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமத்தில், மூல நிரலை வகுப்பில் பாடமாக நடத்தக் கூடாது என்று ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் நிபந்தனை போட்டுவிட்டது. விளைவு? லயன்ஸின் புத்தகம் ஜெராக்ஸின் ஜெராக்ஸாக உலகம் சுற்றியது. எழுத்தே மங்கிப்போன ஐந்தாம் பிரதி, ஆறாம் பிரதியைக்கூடப் பொக்கிஷம் போலப் பாதுகாத்தார்கள். பரீட்சைக்கு முதல் நாள் சீனியர் நோட்ஸ் தேடி அலைந்த நமக்கு இந்தத் தவிப்பைத் தனியாக விளக்க வேண்டியதில்லை! அந்தப் புத்தகம் முறைப்படி வெளியானது 1996இல்.

இதே தடையைத் தாண்டத்தான் ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டனன்பாம், பாடம் நடத்துவதற்கென்றே மினிக்ஸ் என்ற சிறு சிஸ்டத்தைத் தானே எழுதி 1987இல் பாடப்புத்தகத்தோடு வெளியிட்டார். அதைப் படித்து வளர்ந்த ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 1991 ஆகஸ்டில் லினக்ஸைப் பற்றி அறிவித்தார். 1993 ஆகஸ்டில் அமெரிக்க மாணவர் இயன் மர்டாக் டெபியன் திட்டத்தைத் தொடங்கினார். இரண்டுமே கல்லூரிப் பிள்ளைகள் ஆரம்பித்தவை என்பதை நம் இளையவர்கள் கவனிக்க வேண்டும்.

கதவு திறந்தது, வழி தெரியவில்லை

இனி மூல நிரலுக்குப் பூட்டு இல்லை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? அதுதான் இல்லை.

ஒரு திருத்தத்தை எழுதுவது பாதி வேலை. அதை ஏற்க வைப்பது மறு பாதி. கர்னலில் திருத்தத்துக்குப் பேட்ச் என்று பெயர். எந்த வரி போய் எந்த வரி வருகிறது என்று காட்டும் துண்டுச் சீட்டு அது. அதை யாருக்கு அனுப்புவது? ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பராமரிப்பாளர் உண்டு. அவர் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். எளிய எழுத்து மின்னஞ்சலாக அனுப்ப வேண்டும். கலர் எழுத்து, அலங்காரம், இணைப்புக் கோப்பு எல்லாம் ஆகாது. ஒரு பேட்சில் ஒரு காரியம்தான். எதற்காகத் திருத்தினோம் என்று தலைப்பிலும் விளக்கத்திலும் சொல்ல வேண்டும். 2004 முதல், "இதைக் கொடுக்கும் உரிமை எனக்கு உண்டு" என்று பொறுப்பேற்கும் கையொப்ப வரியும் சேர்ந்துகொண்டது.

இத்தனையும் தெரியாமல் அனுப்பினால் பதிலே வராது. அல்லது காரமான பதில் வரும். கர்னல் உலகத்தில் அந்தக் காரம் பேர் போனது. 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸே தம் கடுமொழிக்கு வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். நடத்தை நெறிமுறையும் வந்தது. அதுவரை எத்தனை பேர் ஒரே ஒரு கடிதத்தோடு பயந்து திரும்பிப் போனார்களோ!

ஆக, நிரல் பொதுச் சொத்தாகிவிட்டது, தொழில் நுணுக்கம் மட்டும் பழைய பட்டறை வித்தை போல உள்ளே இருப்பவர்களிடமே தங்கிவிட்டது. பெரிய பல்கலைக்கழகத்தில், விவரம் தெரிந்த சீனியர் பக்கத்தில் இருந்தவன் கற்றுக்கொண்டான். சின்ன ஊர்க் கல்லூரியில் படித்தவனுக்கு யார் இருக்கிறார்கள்?

தட்டச்சில் நடந்த திண்ணைப் பள்ளிகள்

இந்த இடைவெளியை நிரப்பத்தான் வகுப்புகள் முளைத்தன. 2000ஆம் ஆண்டை ஒட்டி 'கர்னல் நியூபீஸ்' என்ற குழு, புதியவர்கள் கூச்சமில்லாமல் கேள்வி கேட்க ஓர் இடம் அமைத்தது. இடம் என்றால் கட்டடம் அல்ல. ஐ.ஆர்.சி. எனப்படும், எழுத்திலேயே பேசிக்கொள்ளும் அரட்டை அறை. அதில் படம் கிடையாது, குரல் கிடையாது. ஒருவர் தட்டச்சு செய்வார், மற்றவர்கள் படிப்பார்கள். அவ்வளவுதான்.

இந்த முறையை ஒரு திருவிழாவாகவே ஆக்கியது உபுண்டு. டெபியனை அடித்தளமாகக் கொண்டு 2004 அக்டோபரில் வந்த சிஸ்டம் அது. அதில் 'யுனிவர்ஸ்' என்றொரு பெரிய மென்பொருள் தொகுதி. அதைத் தொண்டர்கள்தாம் பராமரித்தார்கள். அவர்களுக்கு 'பிரபஞ்சத்தின் அதிபதிகள்' என்று வேடிக்கையாக ஒரு பட்டம்! அதிபதிகள் பற்றாக்குறை ஏற்பட்டதால் ஆள் சேர்க்கப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். 2006இல் 'ஓப்பன் வீக்', 2008இல் 'டெவலப்பர் வீக்' தொடங்கின. ஒரு வாரம் முழுக்க, மணிக்கொரு பாடம். பொதி கட்டுவது எப்படி, பிழையைத் தேடிப் பிடிப்பது எப்படி, திருத்தத்தை மேலே அனுப்புவது எப்படி என்று வரிசையாக.

பாடம் நடத்திய விதம் கேட்கச் சுவையானது. இரண்டு அறைகள். ஒன்று வகுப்பறை, அங்கே ஆசிரியர் மட்டுமே பேசுவார். இன்னொன்று பக்கத்து அறை, மாணவர்கள் அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் சளசளக்கலாம். சந்தேகம் இருந்தால் 'கேள்வி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் முன்னே போட்டு எழுத வேண்டும். அது பொறுக்கி எடுக்கப்பட்டு வகுப்பறைக்கு வரும். வகுப்புகள் பெரும்பாலும் நம் நேரப்படி இரவு 9.30க்குத் தொடங்கி நள்ளிரவு தாண்டியும் நடந்தன. ஹாஸ்டல் வாசிகளுக்கு அது நட்டநடுப் பகல் அல்லவா?

எழுத்தில் நடந்ததால் ஒரு பெரிய நன்மை. பேச்சு காற்றோடு போகும், இங்கே வகுப்பு முழுவதும் அப்படியே பதிவாகி நின்றது. தவறவிட்டவன் மறுநாள் படித்துக்கொள்ளலாம். குறைந்த வேக இணைப்பு போதும். ஆங்கிலம் பேசத் தயங்குகிறவன்கூட நிதானமாக எழுதலாம். பின்னாளில் வீடியோ வகுப்புகள் வந்து முகம் தெரிந்தது. ஆனால், அவனவன் வேகத்தில் படிக்கும் அந்த வசதி கொஞ்சம் குறைந்துதான் போயிற்று.

நம் நாட்டிலும் ஒரு முன்னோடி உண்டு. மேற்கு வங்கத்துத் துர்காபூர் லினக்ஸ் பயனர் குழு, 2008 முதல் கோடைப் பயிற்சியை ஐ.ஆர்.சி. வழியே நடத்தியது. அங்கே கை தூக்குவதற்குப் பதில் ஓர் ஆச்சரியக்குறி போட வேண்டும். முறை வந்ததும் கேட்கலாம். கட்டுப்பாடு பள்ளிக்கூடத்தைவிட அதிகம்! உலக மென்பொருள் குழுக்களில் பிறகு இடம் பிடித்த இந்திய மாணவர்கள் பலருக்கு அதுதான் அரிச்சுவடி வகுப்பு.

பெண்களின் வருகையும் இந்த வரலாற்றில் முக்கியமான அத்தியாயம். லினக்ஸ் கணிப்பொறிகளில் திரைமுகப்பாக விளங்கும் குனோம் திட்டத்துக்கு, 2006இல் கூகுளின் கோடைத் திட்டத்தின் கீழ் 181 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் பெண்கள் எத்தனை பேர் தெரியுமா? ஒருவர்கூட இல்லை! அதிர்ந்துபோன குனோம் குழு அதே ஆண்டில் பெண்களுக்கென்று தனிப் பயிற்சித் திட்டம் ஒன்றை ஏற்படுத்தியது. 2013இல் லினக்ஸ் கர்னலும் அதில் சேர்ந்தது. இன்று 'அவுட்ரீச்சி' என்ற பெயரில் நடக்கும் அந்தத் திட்டத்தில், வாய்ப்பு மறுக்கப்பட்ட பிற பிரிவினரும் வீட்டிலிருந்தே, உதவித்தொகையோடு, ஒரு வழிகாட்டியின் கீழ் பயிலலாம். டெபியனிலும் 2004இல் 'டெபியன் விமன்' குழு தோன்றியது. 2010 இறுதியில் அவர்கள் எல்லோருக்குமாக அரட்டை அறை வகுப்புகளை நடத்தினார்கள்.

முதல் பாடம்: கடிதம் எழுதுதல்

2014இல் 'யூடிப்டுலா சவால்' என்று ஒன்று வந்தது. யூடிப்டுலா என்பது குட்டிப் பென்குயின் இனத்தின் அறிவியல் பெயர். லினக்ஸின் சின்னம் பென்குயின் என்பது தெரிந்ததே. மொத்தம் 20 பயிற்சிகள், ஒவ்வொன்றாக மின்னஞ்சலில் வரும். நடத்தியவர் தம் பெயரைச் சொல்லவில்லை. முதல் பயிற்சி, கர்னலுக்குள் ஒரு வணக்கம் சொல்லும் சின்ன நிரல். அலங்கார மின்னஞ்சலில் விடை அனுப்பினால் திரும்பி வந்துவிடும். நிரல் எவ்வளவு சரியாக இருந்தாலும் சரி! "இதென்ன அநியாயம்?" என்று தோன்றும். ஆனால் அங்கே சோதிக்கப்பட்டது, சொன்னதைக் கவனமாகப் படிக்கிறானா என்பதே.

பழகுவதற்கு ஓர் இடமும் கிடைத்தது. 2008 முதல் கர்னலுக்குள் 'ஸ்டேஜிங்' என்ற தனிப் பகுதி உண்டு. இன்னும் பக்குவப்படாத டிரைவர் நிரல்கள் அங்கே கிடக்கும். புதியவர்கள் அவற்றில் இடைவெளி சரிசெய்வது, தேவையற்ற வரியை நீக்குவது என்று ஆரம்பிப்பார்கள். "இதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்கக் கூடாது. தச்சுப் பட்டறையில் முதல் மாதம் இழைப்புளிதான் கையில் கொடுப்பார்கள்.

அரை வினாடியில் தப்பிய உலகம்

இப்போது கொஞ்சம் கவலைக்குரிய செய்தி. புதியவருக்குக் கதவைத் திறந்தால் ஆபத்து வராதா? வந்தது.

'எக்ஸ்இஸட்' என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு மென்பொருள். லினக்ஸ் சிஸ்டங்கள் அனைத்திலும் அநேகமாக இருப்பது. அதை நெடுங்காலம் தனியொருவராகக் கவனித்து வந்தவர் களைத்துப்போயிருந்தார். 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் 2021 வாக்கில் உதவிக்கு வந்தார். பொறுமையாகத் திருத்தங்கள் அனுப்பினார், நம்பிக்கை பெற்றார், சாவியே கைக்கு வந்தது. 2024இல் அதற்குள் ஒரு கள்ளக்கதவை ஒளித்து வைத்தார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், டெபியனின் 'சிட்' என்ற நிலைப்படாத பதிப்பில் தம் கணிப்பொறிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை வினாடி அதிகமாகிறதே என்று துருவிப் பார்த்து, 2024 மார்ச் 29 அன்று அதை வெளிப்படுத்தினார். பெரிய லினக்ஸ் சிஸ்டங்களின் நிலையான வெளியீடுகளுக்குள் அது நுழையுமுன் உலகம் தப்பியது.

"பார்த்தீர்களா, தெரியாதவனை உள்ளே விட்டால் இப்படித்தான்" என்றார்கள் சிலர். நான் அதை வேறு விதமாகப் பார்க்கிறேன். வந்தவன் புதியவன் என்பதைவிட, உள்ளே இருந்தவர் தனியாள் என்பதுதான் அங்கே பலவீனம். பக்கத்தில் இன்னும் நாலு பேர் இருந்திருந்தால், ஒருவர் எழுதுவதை மற்றவர் படித்துப் பார்த்திருப்பார். நல்ல பயிற்சி வகுப்பு தருவது அந்த நாலு பேரைத்தான். ஆக, திண்ணைப் பள்ளி என்பது தர்ம காரியம் மட்டுமல்ல, வீட்டுக்குக் காவலும் அதுதான்.

நமக்கு என்ன வேலை?

இது வெளிநாட்டுக் கதையாக நின்றுவிடவில்லை. சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998 முதல் இயங்கி வருகிறது. டெபியன் அடிப்படையிலான 'பாஸ்' சிஸ்டம் சென்னையில் உருவானது. 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் டெபியன் மாநாடு ஒன்று நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் டெபியனின் உலக மாநாடே கொச்சிக்கு வந்தது. விழுப்புரம்! பெரிய ஐ.டி. பூங்கா எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். சர்டிபிகேட்டுக்காக மட்டும் இப்படிப்பட்ட வகுப்புகளில் சேராதீர்கள். லினக்ஸ் ஃபவுண்டேஷனே கர்னல் வேலைக்கு இலவச ஆரம்பப் பாடம் வைத்திருக்கிறது. அதில் தொடங்கலாம். முதல் மாதம் எதையும் எழுத வேண்டாம். பழைய வகுப்புப் பதிவுகளைப் படியுங்கள். யாரோ தெரிவித்த ஒரு பிழையை உங்கள் கணிப்பொறியில் வரவழைத்துப் பாருங்கள், வந்தால் எப்படி வந்தது என்று எழுதுங்கள். அதுவே ஒரு பங்களிப்பு. டெபியனை நிறுவும்போது வரும் திரைகளைத் தமிழிலேயே பார்க்கலாம். அதையும் நம்மைப் போன்ற தன்னார்வலர்கள்தாம் மொழிபெயர்த்தார்கள்.

அண்ணன்மார்களே, அக்காமார்களே, நமக்கும் ஒன்று உண்டு. இந்த வகுப்புகள் தொடர்ந்து நடக்க மாணவர்கள் மட்டும் போதாது, சொல்லிக் கொடுக்க நேரம் ஒதுக்கும் ஆளும் வேண்டும். முதல் பேட்ச் திரும்பி வந்ததும் மனம் உடைந்து நிற்கும் பையனிடம், "இது எல்லோருக்கும் நடப்பதுதான்ப்பா, அவர் சொன்ன ரெண்டு விஷயத்தைத் திருத்தி மறுபடி அனுப்பு" என்று சொல்ல ஒருவர் வேண்டும். மாதம் ஒரு மாலை போதும். கட்டட நிதி கொடுப்பதைப் போல இதுவும் நாம் படித்த கல்லூரிக்குச் செய்யும் கைம்மாறுதான். அடுத்த ஆண்டு மலரில், நம் மாணவர் ஒருவரின் பெயர் கர்னலின் கையொப்ப வரியில் ஏறிய செய்தியை வெளியிட முடிந்தால், அதைவிட மகிழ்ச்சி வேறு என்ன இருக்கிறது!